கியோமிசு கோயிலுக்கு இரண்டு வழிகள்

சென்ற மாதம் துபாயிலிருந்து ஷமீர் கூப்பிட்டான். அங்கே தேரா பகுதியிலிருந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் என் கடைசி சில வருடங்கள் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது என் மேஜை அவன் பொறுப்பில் இருக்கிறது.

"அண்ணே, இப்பல்லாம் கஸ்டமரே ஃபோன்ல கேக்குறாங்க, அதுவே ப்ளான் போட்டுக் குடுத்துருது. காலையில எந்தக் கோயில், மத்தியானம் எங்க சாப்பாடு, எல்லாம் வந்துருது. நீங்க ஒரு நாள் நடைக்கு ஒரு வாரம் உக்காந்து எழுதுவீங்கன்னு சொன்னா இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்படி என்னத்தண்ணே எழுதுனீங்க?"

எழுதியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அதை ஃபோனில் சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தேராவுக்குப் போனேன். கிரீக் என்னும் கடற்கழியிலிருந்து உள்ளே வரும் ஒரு தெருவில், மசாலாக் கடைகளுக்கு மேலே, இரண்டாவது மாடியில் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ஏலக்காய் வாசனையும் அப்ராப் படகுகளின் டீசல் புகையும் சேர்ந்து வரும். முதலில் சென்னை, கொச்சி டிக்கெட்டுகள். பிறகு ஐரோப்பா. அதன் பிறகு என்னை ஜப்பான் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேதான் பவளராணி அக்காவின் கீழே வந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பருத்திச் சேலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. யாராவது பேசும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தார் என்றால், பேசுவதை நம்பவில்லை என்று அர்த்தம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஹோட்டலிலிருந்து ஃபேக்ஸ் வந்தால் அதை அப்படியே ஃபைலில் வைக்க மாட்டார். வாடிக்கையாளர் போல அந்த ஹோட்டலுக்கே ஃபோன் போட்டு, அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார். விளம்பரப் படம் ஒன்றை நான் ஆசையாகக் காட்டியபோது சொன்னார்: "வடிவாய்த்தான் இருக்கு. படம் எடுத்தவன் எங்க நிண்டு எடுத்தவன்? அவன்ட முதுகுக்குப் பின்னால என்ன இருக்கு?"

தான் நடந்து பார்க்காத தெருவை யாரும் எழுதக் கூடாது என்பது அவருடைய விதி. அதனால் என்னை ஒருமுறை கியோட்டோவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, பார்த்த கோயில்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோயில் எல்லாம் புத்தகத்தில இருக்கு தம்பி. கால் எங்க நொந்தது? எங்க இருந்தனீர்? எந்த இடத்தில தண்ணி தேடினனீர்? அதைச் சொல்லும்."

அன்றிலிருந்து அதைத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். ஹிகாஷியாமா என்பது கியோட்டோவின் கிழக்கு மலையடிவாரம். கோயில்களும் மரவீடுகளும் கல் பாவிய சந்துகளுமாக, நடந்து மட்டுமே பார்க்க வேண்டிய பகுதி. காலையில் பஸ்ஸில் போய் அடிவாரத்தில் இறங்கி, மேட்டில் ஏறி கியோமிசு கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வடக்கே கல்படிகள் வழியாக இறங்கி, மாலைக்குள் ஒரு பூங்காவுக்கு வந்து சேர வேண்டும். பஸ்ஸிலிருந்து ஏறும்போது கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் பெரிய வழி, எப்போதும் கூட்டம். வலது பக்கம் சவான்சாக்கா. தேநீர்க் கிண்ணச் சரிவு என்று பொருள். இரு பக்கமும் பீங்கான் கடைகள், கூட்டம் குறைவு. இரண்டும் மேலே கோயில் வாசலுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அக்காவின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஜப்பான் விசாவுக்கு, போகிறவர் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பார், என்ன செய்வார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சேர்வதற்கு முன் ஒருவர், எங்கள் அலுவலகம் எழுதிய அழகான திட்டத்தோடு போனவர், திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு பல மாதங்கள் எங்களிடமிருந்து போன விண்ணப்பம் எல்லாம் திரும்பி வந்ததாம். இன்னொருவர் அப்படிப் போனால் ஜப்பான் மேஜை கலாஸ், முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் அரபு முதலாளியான கஃபீல் சொல்லியிருந்தார்.

அதனால் அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார். நடக்கப் போகிறவர்கள் எல்லோரும் புறப்படுவதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். மேஜையில் தெரு வரைபடத்தை விரிப்பார். மடிப்பெல்லாம் டேப் ஒட்டிய பழைய வரைபடம். "விரலால நடந்து காட்டுங்கோ" என்பார். வாடிக்கையாளர் ஆட்காட்டி விரலை பஸ் நிறுத்தத்தில் வைத்து மெதுவாக நகர்த்துவார். அக்கா வரைபடத்தைப் பார்க்க மாட்டார், விரலைப் பார்ப்பார். போகப் போகிறவனின் விரல் தயங்கும், கேள்வி கேட்கும், இங்கே படி அதிகமா, இங்கே கழிவறை உண்டா என்று. விசாவுக்காக மட்டும் வந்தவனின் விரல் வழுக்கிக்கொண்டே கடைசிவரை போய்விடும்.

இன்னொன்றும் செய்வார். திட்டத்திலிருந்து முக்கியமான கோயில் ஒன்றை அடித்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். போகிறவர் சண்டைக்கு வருவார். மற்றவர் "பரவாயில்லை மேடம்" என்பார்.

சந்தானம் என்பவர் வந்தது ஒரு பிப்ரவரியில். கராமாவில் குடியிருந்தார். ஏசி பொறியாளர், கோயம்புத்தூர் பக்கம். மனைவி வசந்தி ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். மார்ச் கடைசியில் பள்ளி விடுமுறையில் இருவரும் ஜப்பான் போக வேண்டும் என்றார்.

"டோக்கியோ எல்லாம் நீங்க எப்படி வேணும்னாலும் போடுங்க சார். கியோட்டோவுல ஒரே ஒரு நாள், அது மட்டும் நான் சொல்றபடி வேணுங்க. காலையில ஏறும்போது சவான்சாக்கா வழியா ஏறணும்."

அந்தப் பெயரை ஒரு வாடிக்கையாளர் வாயிலிருந்து அப்போதுதான் முதல்முறை கேட்டேன். எல்லோரும் கோயில் பெயர்தான் சொல்வார்கள்.

"அந்தத் தெருவுல கடைங்க காலையில எப்போ திறப்பாங்க? வாரத்துல எந்த நாள் லீவு?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஃபோன் பண்ணிக் கேட்டாங்கன்னா, இது நீங்களா போட்ட வழின்னு சொல்லிடுங்க" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்தார். நான் எழுதியிருந்த தாளை எடுத்து கியோமிசு கோயிலை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"இந்தக் கோயிலில வேலை நடக்குதெண்டு கேள்வி. விட்டிட்டுப் போனால் என்ன ஐயா?"

"பரவாயில்லைங்க. தெரு மட்டும் இருந்தாப் போதும்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் போன பிறகு எங்கள் இருவருக்கும் இரண்டு விதமான சந்தேகம். "அந்தத் தெருவில ஆரோ இவருக்கு வேலை பார்த்து வச்சிருக்கினம். போனால் வரமாட்டார்" என்றார் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல சம்பளம், கம்பெனி வீடு, அவருக்கு எதற்கு பீங்கான் கடையில் வேலை? மனைவிக்குத் தெரியக் கூடாது என்றால் அது வேறு விஷயம். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு ஃபோன் வந்தது.

"நான் வசந்தி பேசறேங்க. சந்தானத்தோட ஒய்ஃப். கியோட்டோ ப்ளான் நீங்கதான போடறீங்க? அதுல சவான்சாக்கா வழி வேண்டாங்க. இன்னொரு வழி இருக்காமே, அதுல போடுங்க."

"சார் அந்த வழிதான் வேணும்னு..."

"தெரியும். அவர் சட்டைப் பையில இருந்த சீட்டைப் பார்த்தேன். அதனாலதான் சொல்றேன். அந்த வழி மூடியிருக்குன்னு சொல்லிடுங்க. நான் ஃபோன் பண்ணினது அவருக்குத் தெரிய வேண்டாம்."

ரிசீவரை வைத்தேன். என் சந்தேகம் சரியாகிவிட்டது என்று ஒரு பக்கம். ஒரு குடும்பம் நம் மேஜைமேல் உடையப் போகிறது என்று இன்னொரு பக்கம். அக்காவிடம் சொன்னேன். "மேடமே வேண்டாங்கறாங்க. பேசாம அந்த வழி மூடியிருக்குன்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன்.

"இல்லாத பூட்டை நான் எழுத மாட்டன்" என்றார். "ரெண்டு பேரையும் வரச் சொல்லும். விரல் வைக்கட்டும்."

"அக்கா, வேண்டாம். இங்கயே சண்டை வரும்."

"வந்தால் இங்க வரட்டும். அங்க போய், பாஸ்போர்ட்டும் கையுமாய் நடுத்தெருவில வாறதிலும் பார்க்க இது நல்லது."

அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். வசந்தி மெலிந்த உருவம், நேராகப் பார்த்துப் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் ஃபோன் செய்த அடையாளமே காட்டாமல் வணக்கம் சொன்னார். இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். அக்கா வரைபடத்தை விரித்து நான்கு மூலையையும் தடவினார்.

"ஐயா, நீங்கள் நடவுங்கோ."

சந்தானம் பஸ் நிறுத்தத்தில் விரலை வைத்தார். மேலே போனார். சாலை பிரியும் இடத்தில் விரல் நின்றது. மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பினார்.

"ஏங்க, அது மேடுங்க. இடது பக்கம் போலாமே" என்றார் வசந்தி.

"ரெண்டும் மேடுதான். இதுல கூட்டமில்லை."

"சவான்சாக்கா வேண்டாங்க."

சந்தானத்தின் விரல் அப்படியே நின்றது. வரைபடத்தில் அந்தத் தெருவின் பெயர் ஜப்பானிய எழுத்தில் மட்டும்தான் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும் அந்தப் பேரு?"

வசந்தி வரைபடத்தின் சுருண்ட மூலையை நீவிவிட்டார்.

"நான் உங்கிட்ட அந்தப் பேரைச் சொல்லவே இல்லையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இரு என்று அக்கா கையைக் காட்டினார்.

சந்தானம்தான் முதலில் பேசினார். எங்களைப் பார்த்துச் சொல்வது போல மனைவிக்குச் சொன்னார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் போன வருஷம் டூர் போனாரு. உங்க பையன் ஜாடையில ஒருத்தர் அங்க பீங்கான் கடையில நிக்கிறாரு, தமிழ்ல பேசினேன், பதில் சொன்னாருன்னு வந்து சொன்னாரு. தெருப் பேரும் சொன்னாரு."

இவர்களுக்கு ஒரே மகன் என்பதும், பெயர் அரவிந்த் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. துபாயிலேயே வளர்ந்தவன். ஒசாகாவுக்குப் பொறியியல் படிக்கப் போனவன் பாதியில் விட்டுவிட்டு ஒரு குயவரிடம் சேர்ந்துவிட்டான். அப்பா ஃபோனில் திட்டித் தீர்த்து, இனிமேல் எனக்குப் பையன் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதன் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன.

"தற்செயலா அந்தப் பக்கம் போன மாதிரி போயி..." என்று இழுத்தார் சந்தானம். "சரி, உனக்கு எப்படி?"

"அவன் எங்கூடப் பேசறான்."

"எத்தனை நாளா?"

"விட்டதே இல்லைங்க. ஸ்கூல்ல இருந்து பேசுவேன்."

"நாம வர்றது தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

வசந்தி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தானம் மறுபடி கேட்டார்.

"நீ மட்டும் வாம்மான்னான். 'ப்ளீஸ் அம்மா, நாட் ஹிம்'னான், அவரு வேண்டாம்னு. நீங்க அந்தக் கடைக்குள்ள போயி, அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வெளிய போனான்னா, அதை நான் பார்க்கணுமா? அதுக்குத்தான் அந்த வழி வேண்டாம்னேன்."

நான் இருவரையும் என்னென்னவோ நினைத்திருந்தேன். ஆனால் அந்த அறையில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிய இருவரும் ஒரே தெருவைத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

சந்தானம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே தள்ளுவண்டிக்காரர்கள் 'ஜல்தி பாய், ஜல்தி' என்று கத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், ரெண்டு வழியும் போடுங்க. இவ அந்தத் தெருவுல ஏறட்டும். நான் இந்தப் பக்கம் ஏறி மேல காத்திருக்கறேன்."

நான் உருகிப்போய்விட்டேன். அக்கா உருகவில்லை. கண்ணாடி கையிலேயே இருந்தது.

"எங்க இருந்து காத்திருப்பியள்?"

"மேல எங்கயாவது..."

"எங்கயாவது எண்டு எழுதேலாது. தம்பி, சொல்லும்."

சொன்னேன். இரண்டு வழிகளும் சேரும் இடத்தில் கோயிலின் சிவப்பு வாசல் இருக்கிறது. அதற்கு ஏறும் அகலமான கல்படிகளின் ஓரத்தில் உட்காரலாம். யார் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும். மழை வந்தால் ஒதுங்க எதிரே கடைகள் உண்டு. அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தார். அம்மா கடையில் எவ்வளவு நேரம் இருப்பார், ஐயா அதுவரை என்ன குடிப்பார், கைப்பேசி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது. அடித்த கோயிலைத் திரும்ப எழுதினார். கடைசியில் சந்தானத்தின் முகத்துக்கு நேரே, "கீழ இறங்கிப் போகக் கூடாது ஐயா. மகன் வேண்டாமெண்டவர். விளங்குதோ?" என்றார்.

"இறங்க மாட்டேங்க" என்றார் சந்தானம்.

அவர்கள் போன பிறகு அக்கா ஃபைலை உடனே அனுப்பவில்லை. "இப்ப எனக்கு மனுசியில சந்தேகம்" என்றார். "மகனைக் கண்ட தாய் திரும்பி வருவாவோ?" இரண்டு நாள் வைத்திருந்து, பள்ளிக்கு ஃபோன் செய்து விசாரித்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டார். விசா கிடைத்தது. போனார்கள்.

திரும்பி வந்தவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதும் எங்கள் அலுவலக வழக்கம். ஏப்ரல் தொடக்கத்தில் சந்தானம் வந்தார். கையில் ஒரே ஒரு பாஸ்போர்ட்.

"அம்மா எங்க?" என்றார் அக்கா. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அவ இன்னும் கொஞ்ச நாள் பையனோட இருந்துட்டு வர்றா. விசாவுல நாள் இருக்குங்க. டிக்கெட் அங்கயே மாத்திட்டோம்."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் சந்தானத்தின் முகம் வேறு மாதிரி இருந்தது. நாங்கள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க சொன்ன படியிலதான் சார் உட்கார்ந்திருந்தேன். லேசா மழை. ரொம்ப நேரமாச்சு, யாரும் வரலை. நம்பிக்கையே போச்சு. அப்புறம் பார்த்தா கிண்ணத் தெருவுல இருந்து இவ வர்றா, கூட அவனும் வர்றான். படிக்குக் கீழ நின்னுட்டான். நானும் எந்திரிக்கலை. கொஞ்சம் பொறுத்து, 'டிக்கெட் உள்ள வாங்கணும்ப்பா'ன்னான். அவ்வளவுதான் சார். மூணு பேரும் நடந்தோம். அந்தப் பக்கம் கல்படியில இறங்கும்போது 'வழுக்கும், பார்த்து'ன்னான். சாயங்காலம்வரைக்கும் கூட இருந்தான்."

"வேற ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லீங்க. அதுவே போதுங்க."

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார். "நம்புறீரோ?"

"நம்பறேன்க்கா."

"எனக்கு அம்மாவின்ட பாஸ்போர்ட்டைக் கண்டாப் பிறகுதான் நம்பிக்கை." அந்த நாட்களில் அவர் எதற்கெல்லாமோ எரிந்து விழுந்தார். ஜப்பானிலிருந்து ஃபேக்ஸ் வரும் ஓசை கேட்டால் எழுந்து நின்றுவிடுவார்.

சில நாள் கழித்து வசந்தி வந்தார். பள்ளி முடிந்து நேரே வந்தவர் போல, கையில் விடைத்தாள் கட்டு. பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முத்திரையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் "இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார்.

"சார் வந்து எல்லாம் சொன்னாருங்க" என்றேன் நான். "படியிலேயே உட்கார்ந்திருந்தேன்னு சொன்னாரு."

வசந்தி சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"அப்படியா சொன்னாரு? அவர் அங்க உட்காரவே இல்லீங்க. நான் கடைக்குள்ள போயி கொஞ்ச நேரத்துல எதிர்க் கடை ஓரமா ஒரு குடை. குடைக்குக் கீழ அவர் ஷூ. இருபத்தஞ்சு வருஷமா நான் பாலீஷ் போடச் சொல்லிட்டிருக்கிற ஷூ, எனக்குத் தெரியாதா? அரவிந்தும் பார்த்துட்டான். அவனுக்கு மூஞ்சி இறுகிப் போச்சு. உள்ள வந்தாருன்னா நான் பின்வாசல்ல போயிடுவேன்னான். நானும் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வரலை. மழை பெருசாச்சு. அப்பவும் வரலை. வாசலைத் தாண்டலைங்க. அவன் கிண்ணத்தைத் துடைக்கறான், குடையைப் பார்க்கறான். துடைக்கறான், பார்க்கறான். கடைசில, 'அவர் எவ்வளவு நேரம் அப்படியே நிப்பாரு?'ன்னு கேட்டான். 'நீ வர்ற வரைக்கும்'னேன். ஏப்ரனைக் கழட்டிட்டான்."

"அப்ப மேல எப்படி..."

"இவன் ஏப்ரனைக் கழட்டறதைப் பார்த்ததும் குடை ஓடுது மேல. அவர் போயி அந்தப் படியில உட்கார நேரம் வேணுமில்லீங்களா? அதனால, எனக்கு இன்னொரு டீ வேணும்டான்னு கேட்டு வாங்கிக் குடிச்சேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

அடுத்த வருடம் சந்தானம் மறுபடி வந்தார். இந்த முறை கியோட்டோவுக்கு நேரே போக வேண்டும், மகன் அழைத்திருக்கிறான் என்றார். டிக்கெட் தயாராகும்வரை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு தானாக அந்த நாளுக்குப் போனது.

"நீங்க எழுதிக் குடுத்தபடியே சார். படியை விட்டு ஓரடி நகரலை" என்றார்.

நான் வேகமாகக் குனிந்து டிக்கெட்டைப் பார்த்தேன். அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று பயந்தேன். ஹோட்டல் ஃபேக்ஸைக்கூட நம்பாதவர், ஒருவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னால் விடவே மாட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஓம் ஐயா" என்றார். "நாங்கள் நம்பித்தானே அனுப்பினனாங்கள்."